மூச்சு இழுக்கும் இடம்

“எத்தனை மணிக்கு எடுக்கறாங்க?”

திருப்பூரில் சாவுச் செய்தி வந்ததும் முதலில் எழும் கேள்வி இதுதான். யார், என்ன ஆச்சு, எத்தனை வயசு எல்லாம் அப்புறம். கேட்கிறவருக்கு நெஞ்சில் ஈரமில்லை என்று எண்ணிவிட வேண்டாம். பனியன் கம்பெனிக்குள் காலை 8.30-க்குப் போனால் இரவு 8.30 வரை ஒன்றரை ஷிப்ட். பதினொரு மணிக்கு எடுக்கிறார்கள் என்றால் காலை வேலை போச்சு. நாலு மணி என்றால் மதியச் சாப்பாட்டோடு பர்மிஷன் சொல்லிவிட்டு ஓடலாம். சனிக்கிழமை என்றால் வாரச் சம்பளத்தை வாங்காமல் வர முடியாது. துக்கத்துக்கு இந்த ஊரில் கடிகாரம் உண்டு.

சில மாதங்களுக்கு முன் பாண்டியன் நகர்ப் பக்கம் ஒரு லைன் வீட்டுக்குப் போயிருந்தேன். பத்து வீடு ஒரே வரிசை, நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி. இறந்தது செக்கிங்கில் வேலை பார்க்கும் ஒருவரின் தாயார். வாசலில் ஐஸ் பெட்டி; அதன் மோட்டார் ரீங்காரம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. சாமியானாக் கடையிலிருந்து வந்த ஐம்பது பிளாஸ்டிக் சேர்கள் வரிசையாகக் கிடந்தன. பெண்கள் எல்லாரும் பெட்டியைப் பார்த்தபடி, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் போல, பக்கத்தில் பக்கத்தில் ஆனால் ஒருவரையொருவர் தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள். மகள் கர்சீப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அழுகை இருந்தது. சத்தம் இல்லை.

நான் பிறந்த காங்கயத்துப் பக்கம், நான் சின்னவனாக இருந்த காலத்தில், எழவு வீட்டைக் கண்டுபிடிக்க வழி கேட்க வேண்டியதில்லை. காது போதும்.

என் அம்மாயி ஒரு கேதத்துக்குப் போவதை அருகில் இருந்து பலமுறை பார்த்திருக்கிறேன். வழியெல்லாம் மழை, பருத்தி, பால் விலை என்று பேசிக்கொண்டே வருவார். வீதி முக்குத் திரும்பியதும் முந்தானையை இழுத்துச் செருகுவார், குரல் எழும்பும். பந்தலுக்குள் இருக்கும் பெண்கள் ஆளைப் பார்ப்பதற்கு முன்பே குரலை வைத்து இன்னார் வந்தாச்சு என்று தெரிந்துகொண்டு உள்ளிருந்து பதில் குரல் கொடுப்பார்கள். இரண்டு குரலும் வாசற்படியில் சந்திக்கும். அம்மாயி அப்படியே தரையில் உட்கார்ந்து, இரு பக்கமும் இருப்பவர்களின் கழுத்தில் கை போட்டு, தலையோடு தலை முட்டுகிற மாதிரி சாய்ந்துகொள்வார். வட்டம் ஓர் ஆள் பெரிதாகும். ஒருவர் அடி எடுப்பார். மற்றவர்கள் அடி முடிகிற இழுவையில் சேர்ந்துகொள்வார்கள். வட்டம் முழுவதும் ஒரே ஆட்டமாக முன்னும் பின்னும் அசையும். கட்டியழுவுறது என்று இதற்குப் பெயர். ஒப்புச் சொல்வது என்றும் சொல்வார்கள். போனவரைப் பொன்னுக்கும் விளக்குக்கும் ஆலமரத்துக்கும் ஒப்புச் சொல்லி அழுவதால் ஒப்பாரி.

ஆண்கள் வேப்பமரத்தடியில் நின்று ஒருவருக்கொருவர் பேசாமல் கையைத் தொட்டுக்கொள்வதோடு சரி. எனக்கு மீசை அரும்பியதும் என்னையும் அந்த மரத்தடிக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதற்கு முன் ஒன்றைக் கவனித்துக் குழம்பியிருந்தேன். அரைமணி நேரம் கல்லும் கரைகிற மாதிரி அழுத அம்மாயி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து அம்மாளிடம் சாதாரணக் குரலில், “உங்க செவலை கன்னு போட்டுருச்சா?” என்று கேட்டார். அப்படியானால் அந்த அழுகை நடிப்பா? பத்து வயதுப் பையனுக்கு அப்படித்தான் தோன்றியது. உடலியல் படித்த பிறகுதான் என் கேள்வியே தப்பு என்று புரிந்தது. அம்மாயி அழுகையை நடிக்கவில்லை. அதை ஓட்டிக்கொண்டிருந்தார், தறியை ஓட்டுவதைப் போல.

முதலில் தொண்டையிலிருந்து தொடங்குவோம்.

துக்கம் வந்தால் ‘தொண்டை அடைக்குது’ என்கிறோம். அங்கே ஏதும் அடைப்பதில்லை. நடப்பது கிட்டத்தட்ட அதற்கு நேர்மாறு. ஆபத்தையோ பேரிழப்பையோ உணர்ந்த உடல், பரிவு நரம்பு மண்டலத்தின் வழியே, அதிகக் காற்று வேண்டும் என்று உத்தரவிடுகிறது. குரல்வளையின் வாய் அகலத் திறக்கிறது. ஆனால் எச்சில் விழுங்க அதே வாய் மூட வேண்டும். திறக்கச் சொல்லும் தசைக்கும் மூடச் சொல்லும் தசைக்கும் நடக்கும் இழுபறிதான் அந்த உருண்டை. பேசுவதற்கும் குரல் நாண்கள் ஒன்றோடொன்று சேர வேண்டும். அவை சேர மறுப்பதால்தான் துக்கத்தில் பேச்சு உடைகிறது.

அடுத்தது மூச்சு. விம்மி அழும்போது மூச்சு நம் கையில் இருப்பதில்லை. வெட்டு வெட்டாக உள்ளே இழுக்கிறோம். வெளியே விடுவதும் துண்டு துண்டாகப் போகிறது. குழந்தை அழுது ஓய்ந்த பிறகும் விசும்பல் நிற்காமல் தானாகவே வருவதைப் பார்த்திருப்பீர்கள்.

இப்போது ஒப்பாரியின் ஓர் அடியை எடுத்துக்கொள்ளுங்கள். உச்சத்தில் தொடங்கி, படிப்படியாக இறங்கி, கடைசி எழுத்து நீண்டு, மூக்கொலியில் கரைந்து முடியும். ஓர் அடிக்கு ஒரு மூச்சு. அடி முடிந்ததும் ஒரு விம்மல். அந்த விம்மலோடுதான் அடுத்த மூச்சு உள்ளே போகிறது. அதாவது, அழுகையின் அந்த வெட்டிழுப்பை ஒப்பாரி தடுப்பதில்லை. அதற்கென்று ஓர் இடம் ஒதுக்கிக் கொடுக்கிறது. மற்ற இடம் முழுவதையும் நீண்ட வெளிமூச்சுக்கு எடுத்துக்கொள்கிறது.

நீண்ட வெளிமூச்சு உடலுக்கு என்ன செய்யும்? மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சு விட்டுப் பாருங்கள். உள்ளே இழுக்கையில் இதயம் சற்றே விரைகிறது. வெளியே விடுகையில் மந்தமாகிறது. மூளைத் தண்டிலிருந்து இதயத்துக்கும் குடலுக்கும் இறங்கும் வேகஸ் என்ற அலையும் நரம்பு வெளிமூச்சின்போது இதயத்துக்குக் கடிவாளம் போடுகிறது. வெளிமூச்சு நீண்டால் கடிவாளம் இழுபடும் நேரமும் நீளும். இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி குழுவினர் 2001-இல் 23 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். லத்தீன் மொழி ஜெபமாலையையும் திபெத்திய ‘ஓம் மணி பத்மே ஹூம்’ மந்திரத்தையும் அவர்களைச் சொல்ல வைத்தபோது, இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்தது. ரத்த அழுத்தம் தன்னியல்பாக ஏறி இறங்கும் அலையும் ஏறத்தாழ பத்து நொடிக்கு ஒன்று. மூச்சும் அந்த அலையும் ஒரே தாளத்தில் விழுந்தன. ரத்த அழுத்தத்தைச் சீராக வைத்துக்கொள்ளும் உடலின் திறன் கூடியது. ஜெபமாலையைப் பாதி ஒருவர் சொல்ல, மீதியைக் கூட்டம் சொல்லும். ஒருவர் அடி எடுக்க, மற்றவர்கள் முடிப்பில் சேரும் நம்முடைய வட்டத்தை நான் நினைத்துக்கொண்டேன்.

ஸ்வீடனில் யோத்தெபோரி நகரில் பியோர்ன் விக்ஹாஃப் குழு 2013-இல் இன்னும் ஓர் அடி முன்னே போனது. 18 வயது இளைஞர்கள் 15 பேரைச் சேர்ந்து பாட வைத்து, இதயத் துடிப்பைப் பதிவு செய்தார்கள். பாட்டின் அடி எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கு எல்லாருடைய மூச்சும் அமைந்தது. மூச்சு ஒன்றானதும் இதயங்களும் சேர்ந்து விரைந்து சேர்ந்து மந்தமாயின. இதில் மாயம் ஒன்றுமில்லை. பாட்டு மூச்சை ஆள்கிறது, மூச்சு இதயத்தை ஆள்கிறது.

ஸ்வீடனின் பாடகர் குழுவிலிருந்து காங்கயத்து எழவு வீட்டுக்குப் பாலம் போடுவது நான்தான்; அவர்கள் அல்ல. அந்த இளைஞர்கள் யாரையும் இழந்திருக்கவில்லை. ஆனால் தனியாக அழுகிறவளின் மூச்சு சிதறிக் கிடக்கும்போது, இரு பக்கமும் தோளோடு தோள் ஒட்டியிருக்கும் இரண்டு உடல்கள் ஒரே சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தால், அவள் எதைப் பற்றிக்கொள்வாள் என்பதை ஊகிக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. வட்டம் அசைவதும் அதற்குத்தான் என்று நினைக்கிறேன். முன்னே சாய்கையில் வெளிமூச்சு, பின்னே வருகையில் உள்மூச்சு. காதால் கேட்காவிட்டாலும் விலா எலும்பு கேட்டுவிடும். அதே பெண்கள் அதே அசைவோடு, கிட்டத்தட்ட அதே இழுவையோடு தொட்டிலருகில் தாலாட்டும் பாடினார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இந்தச் சத்தம் நமக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்க மானிடவியலாளர் கிரெக் அர்பன் 1988-இல் பிரேசிலின் பழங்குடி மக்கள் சிலரது சடங்கு அழுகைகளை ஆராய்ந்து, அவற்றில் திரும்பத் திரும்ப வரும் நான்கு ஒலிக்கூறுகளைப் பட்டியலிட்டார். குரல் திடீரென்று உடைவது. மூச்சை உள்ளே இழுக்கும்போதும் குரல் வருவது. கதவு கிறீச்சிடும் கரகரப்பு. உயிரெழுத்து மட்டும் மெலிந்த உச்சத்துக்குத் தாவுவது. எழவு வீட்டில் ஒருமுறையாவது உட்கார்ந்தவர்கள் இந்த நாலையும் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் சொல்வார்கள். பாப்புவா நியூ கினியாவின் போசாவி மழைக்காட்டில் கலூலி மக்களோடு இருந்த ஸ்டீவன் ஃபெல்ட், அங்கே பெண்களின் சாவுப் பாட்டு காட்டுப் புறா ஒன்றின் இறங்குவரிசைக் கூவலைப் பின்பற்றுகிறது என்று 1982-இல் வெளிவந்த நூலில் எழுதினார். உச்சத்தில் தொடங்கி இறங்குவது அங்கேயும்தான். காற்று நிறைந்த நுரையீரல் உச்சத்தில் கத்தும். காலியாகக் காலியாகச் சுருதி சரியும். மெட்டைப் போட்டது நுரையீரல்.

வார்த்தைகள் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். கொங்கில் ‘சாமி’ என்றும் ‘ராசா’ என்றும் வரும் இடத்தில் உசிலம்பட்டிப் பக்கம் வேறு வரும். விம்மல் மாறாது. அதனால்தான் மொழி தெரியாதவரும் ஒப்பாரி கேட்டால் அது என்னவென்று கேட்பதில்லை.

இனி வலி. ஆக்ஸ்ஃபோர்டின் ராபின் டன்பாரும் அவருடைய மாணவர்களும் பல ஆண்டுகளாக ஒரு விசித்திரமான அளவுகோலை வைத்துக்கொண்டு பாட்டுக் குழுக்களின் பின்னால் அலைந்தார்கள். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டிக் காற்றடித்து இறுக்குவார்கள். ‘போதும்’ என்று எந்த இறுக்கத்தில் சொல்கிறார் என்று குறித்துக்கொள்வார்கள். பாடுவதற்கு முன் ஒருமுறை, பாடிய பின் ஒருமுறை. மூளை தானே சுரந்துகொள்ளும் எண்டார்ஃபின் என்ற வலிமருந்தை நேரடியாக அளப்பது கடினம் என்பதால் இந்தச் சுற்றுவழி. லண்டனில் 232 பேர் கொண்ட ஒரு பெரும்பாடற்குழுவில் செய்யப்பட்டு 2016-இல் வெளியான ஆய்வு, சேர்ந்து பாடிய பின் வலி தாங்கும் அளவு உயர்ந்ததைக் காட்டியது. 2015-இல் வந்த இன்னொன்று எனக்குப் பிடித்தமானது. முன்பின் அறியாதவர்களைப் பாட்டு வகுப்பு, கைவினை வகுப்பு, எழுத்து வகுப்பு என்று பிரித்து ஏழு மாதம் தொடர்ந்தார்கள். கடைசியில் எல்லா வகுப்பிலும் நெருக்கம் ஏறக்குறைய ஒன்றுதான். பாடியவர்கள் மட்டும் தொடக்கத்திலேயே வேகமாக ஒட்டிக்கொண்டார்கள். எழவு வீட்டுக்கு ஏழு மாதம் கிடையாது. நாலு மணிக்கு எடுத்துவிடுவார்கள்.

மாரடிப்பதையும் இங்கேதான் வைக்க வேண்டும். வட்டமாக நின்று, குனிந்து நிமிர்ந்து, தாளம் தப்பாமல் நெஞ்சில் அறைந்துகொண்டு பாடுவது பார்க்கிறவருக்குத் தன்னைத் தானே தண்டிப்பது போல இருக்கும். உழைப்பும் தாளமும் கூட்டும் ஒன்றாகும்போது எண்டார்ஃபின் அதிகம் ஊறும் என்பது டன்பார் வட்டாரத்தின் கணக்கு. அது சரியென்றால், அடியின் வலியைத் தாங்க ஊறுவது அடியைவிடப் பெரிய வலிக்கும் உதவும்.

திருப்பூருக்குப் பக்கத்தில் பெருமாநல்லூரில் கொண்டத்துக்காளியம்மன் கோயில் குண்டம் பார்த்தவர்களுக்கு அடுத்த ஆய்வு உடனே புரியும். ஸ்பெயினில் சான் பெத்ரோ மன்ரீகே என்ற ஊரிலும் ஆண்டுதோறும் பூமிதிக்கிறார்கள். மிதிப்பவர்கள், வேடிக்கை பார்க்கும் அவர்களுடைய சொந்தபந்தங்கள், சம்பந்தமில்லாத வெளியூர்க்காரர்கள் என்று மூன்று வகையினருக்கும் இதயத்துடிப்புக் கருவி கட்டி 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். மிதிப்பவரின் இதயமும் ஓரமாக நிற்கும் உறவினரின் இதயமும் ஒன்றுபோல ஏறி இறங்கின. வெளியூர்க்காரரின் இதயம் தன்பாட்டுக்குத் துடித்தது. ஒரே நெருப்பு, ஒரே கூச்சல்; ஆனால் உறவு இருந்தால்தான் ஒத்திசைவு.

ஒப்பாரியில் உறவுமுறை ஏன் அவ்வளவு கறாராக வருகிறது என்பதற்கு இது ஒரு சாளரம். பொதுவான ஒப்பாரி என்று ஒன்று கிடையாது. மகள் பாடுவதை மருமகள் பாட முடியாது. கூடப் பிறந்தவள் வந்தால் பிறந்த வீட்டைச் சொல்லித்தான் தொடங்குவாள். யாருக்கு யார் என்ன முறை என்பதை ஒவ்வொரு அடியும் உரக்க அறிவிக்கிறது. கேட்டுக்கொண்டிருப்பவள் தன் முறையைச் சொல்லிப் பதில் தருகிறாள். அறுந்துபோன ஒரு நூலைச் சுற்றி மீதி நூல்களை எண்ணிப் பார்க்கிற வேலை அது. பின்னலாடை ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: ஒரு கண்ணி நழுவினால் கீழே இருக்கும் கண்ணிகளையும் இழுத்துக்கொண்டு ஓடும். உடனே பிடித்துவிட வேண்டும்.

சரி, அழுதால் ஆறுமா? ‘அழுது தீத்துரு’ என்று சொல்லாத வீடில்லை. ஆய்வு அவ்வளவு சுலபமாகத் தலையாட்டவில்லை. நெதர்லாந்தின் ஆட் விங்கர்ஹூட்ஸ் வாழ்நாள் முழுக்கக் கண்ணீரையே ஆராய்ந்தவர். அவரும் சக ஆய்வாளர்களும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அழுகை அனுபவங்களைத் திரட்டி 2008-இல் அலசினார்கள். அழுததும் எல்லாருக்கும் மனம் லேசாகவில்லை. அழும்போது பக்கத்தில் ஆறுதல் தரும் ஆள் இருந்தவர்களுக்கு லேசானது. வெட்கப்பட்டுக்கொண்டோ, அடக்கப் பார்த்துக்கொண்டோ அழுதவர்களுக்கு ஆகவில்லை. 2015-இல் சோகப் படம் காட்டிச் செய்த சோதனையில், அழுதவர்களின் மனநிலை உடனே கீழே போனது. இருபது நிமிடத்தில் பழைய இடத்துக்கு வந்தது. தொண்ணூறு நிமிடம் கழித்துப் படம் பார்ப்பதற்கு முன் இருந்ததைவிட மேலே போயிருந்தது. அம்மாயியின் ‘செவலை கன்னு போட்டுருச்சா’வை நான் இந்த வளைகோட்டின் மேல் வைத்துப் பார்க்கிறேன்.

கண்ணீரோடு புரோலாக்டின் சுரக்கிறது, சோக இசையின் இனிமைக்கு அதுவே காரணம் என்று டேவிட் ஹ்யூரன் 2011-இல் ஓர் அழகான கருதுகோள் சொன்னார். பத்திரிகைகள் விரும்பி எழுதின. பின்னர் சோதித்தபோது அது நிற்கவில்லை. அழகான கருதுகோள்களுக்கு இப்படி நேர்வதுண்டு. ஹார்மோன் பெயரோடு வரும் ஆறுதல்களைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருங்கள். லண்டனில் டெய்சி ஃபேன்கோர்ட் குழு, புற்றுநோயில் உறவை இழந்தவர்களைப் பாடற்குழுவில் சேர்த்துத் தொடர்ந்த ஆய்வின் முடிவு அடக்கமானது, அதனாலேயே நம்பத் தக்கது. பாடியவர்களின் மனச்சோர்வு மோசமாகாமல் நிலையாக இருந்தது, தன்னம்பிக்கை மெல்லக் கூடியது, பதற்றம் குறையவில்லை.

ஒப்பாரி வட்டத்தில் உண்மையில் யாருக்காக அழுகிறார்கள் என்பது வேறு கேள்வி. தென்னார்க்காட்டுக் கிராமங்களில் தங்கி ஆராய்ந்த இசபெல் கிளார்க்-டெசே 2005-இல் வெளியிட்ட நூலின் தலைப்பே, இறந்தவருக்காக யாரும் அழுவதில்லை என்ற பொருள்படும். பெண்களே அவரிடம் அப்படிச் சொன்னார்கள்: வட்டத்தில் உட்கார்ந்ததும் அவரவர் கதை வந்துவிடுகிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு காரணம் வைக்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இழிவாக நடத்தியது, இழந்தது, இருந்த நிலையிலிருந்து சரிந்தது, இல்லாமை. எழவு என்று இன்று நாம் வசவாகவும் சொல்கிற சொல் அந்த இழவுதான். நாலில் அது ஒன்று. ஆனால் அந்த ஒன்றின் பந்தலுக்குள் மற்ற மூன்றும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அண்ணன் சீர் செய்யாதது, மாமியார் சொன்ன சொல், வட்டிக்காரன் வாசலில் நின்றது எல்லாம் மெட்டோடு வரும். பாட்டில் சொன்னதற்கு அப்புறம் யாரும் நியாயம் கேட்க முடியாது என்பது எங்கள் பக்கத்து எழுதாத சட்டம். பெண்கள் கூடிக் குரலெடுப்பது ஆட்சியாளர்களுக்குப் பிடிக்காமல் போனதற்கும் நீண்ட வரலாறு உண்டு. கிறிஸ்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டிலேயே ஏதென்ஸின் சோலோன், சாவு வீட்டில் பெண்கள் உடலைக் கீறிக்கொள்வதையும் கட்டமைத்த புலம்பல் பாடுவதையும் சட்டம் போட்டுத் தடுத்ததாக புளூட்டார்க் எழுதியிருக்கிறார்.

கொங்கு நாடு தன் பெரிய அழுகையை ஒரு கதைக்குள் வைத்திருக்கிறது. பிரெண்டா பெக் என்ற கனடா மானிடவியலாளர் 1965-இல், இன்றைய திருப்பூர் மாவட்டத்தில் காங்கயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கி, உடுக்கை அடித்துப் பல இரவுகள் பாடப்பட்ட அண்ணமார் சாமி கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். பொன்னரும் சங்கரும் படுகளத்தில் மடிந்த பின் கதையைத் தூக்கிச் சுமப்பது அவர்களுடைய தங்கை தங்காள். உடல்களைத் தேடிப் புலம்பிக்கொண்டு அலைகிறாள். கண்டுபிடித்து, தெய்வத்தின் அருளால் சற்று நேரம் எழுப்பவும் செய்கிறாள். மணப்பாறையை அடுத்த வீரப்பூரில் மாசித் திருவிழாவில் இந்தப் படுகளத்தை நடத்திக் காட்டுவார்கள். அருள் வந்தவர்கள் பிணம்போல விழுவார்கள். தீர்த்தம் தெளித்து எழுப்புவார்கள். சுற்றி நிற்பவர்கள் அழும் அழுகையில் அந்த ஆண்டு தங்கள் வீட்டில் போனவர்களும் இருப்பார்கள். சாவையும் புலம்பலையும் எழுவதையும் ஊரே சேர்ந்து ஒத்திகை பார்த்துக்கொள்ளும் ஏற்பாடாக எனக்கு அது படுகிறது.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றை மறைப்பது நேர்மையாகாது. கூடி அழுவதன் நன்மை, அழ விரும்பி வந்தவருக்குத்தான். பெரிய வீட்டுச் சாவுக்குக் கட்டாயமாக வரவழைக்கப்பட்டு, தெருவில் நின்று மாரடிக்கவும் பறையடிக்கவும் வேண்டியிருந்த சாதிகள் இந்த மண்ணில் இருந்தன. கூலிக்கும் பயத்துக்கும் அழுதவளின் உடம்பில் எந்த எண்டார்ஃபின் ஊறியிருக்கும்? சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று பிள்ளைகள் பின்னாளில் மறுத்ததை மரபின் இழப்பு என்று புலம்புகிறவர்கள், யாருடைய முதுகில் அந்த மரபு நின்றது என்று திரும்பிப் பார்க்க வேண்டும்.

ஒப்பாரி மெலிந்ததற்குக் காரணமாக நாகரிகம், கூச்சம், டிவி என்று பலதையும் சொல்வார்கள். நான் இயந்திரத்தையும் சேர்ப்பேன். ஒப்பாரி சொல்கிற குரல் எழவு வீட்டில் உருவாவதில்லை. நடவிலும் களையெடுப்பிலும் ஏற்றத்திலும் கூடிப் பாடிப் பழகிய குரல் அது. பல்லடம், மங்கலம், சோமனூர்ப் பக்கத் தறிக்கூடங்களுக்குள் போய்ப் பாருங்கள். சாதாரணப் பேச்சு 60 டெசிபல் அளவு. எட்டு மணி நேர வேலைக்கு விதிகள் வைத்திருக்கும் எல்லை 90. விசைத்தறிக் கூடம் அதைத் தாண்டி ஓடும். அங்கே பாட்டு என்ன, பேச்சே கைச்சாடைதான். பனியன் கம்பெனியில் சத்தம் குறைவு. ஆனால் பீஸ் ரேட்டில் ஓவர்லாக் மிஷினை மிதிக்கும் டைலருக்குப் பக்கத்து மிஷினின் தாளத்தோடு சேர ஒரு காரணமும் இல்லை. அவரவர் காதில் அவரவர் பாட்டு. ஆயிரம் பேர் ஒரே கூரையின் கீழ், ஒருவர்கூட ஒருவரோடு சேர்ந்து மூச்சு விடாமல்.

அதோடு இந்த ஊரில் பாதிப் பேருடைய எழவு வேறெங்கோ நடக்கிறது: தேனியில், தஞ்சாவூரில், ஒடிசாவில், பீகாரில். கொரோனா ஊரடங்கில் இறுதிச் சடங்குக்கு இருபது பேர்தான் என்று ஆனபோது உள்ளூர்க்காரர்களும் அந்த நிலைக்கு வந்தார்கள். வீடியோ காலில் முகம் தெரிகிறது, குரல் கேட்கிறது. பிறகு ஏன் சேர்ந்து அழ முடியவில்லை?

காரணம் இயற்பியல். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிநொடி எடுக்கும். தோளோடு தோள் உட்கார்ந்தவர்களுக்குள் தாமதமே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு பேர் தாளம் பிசகாமல் சேர்ந்து இசைக்க, தாமதம் 25, 30 மில்லிநொடிக்குள் இருந்தாக வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ் சேஃப் குழு இரண்டு பேரைத் தனித்தனி அறையில் உட்கார வைத்துச் சேர்ந்து கைதட்டச் சொன்னது. நடுவில் தாமதத்தைக் கூட்டக் கூட்ட, ஒருவருக்கொருவர் காத்துக் காத்துத் தாளம் மந்தமாகிக்கொண்டே போனது. தொலைபேசிப் பேச்சுக்கு பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் நல்லது என்று வைத்திருக்கும் ஒருவழித் தாமத எல்லை 150 மில்லிநொடி. பேச அது தாராளம். பாட்டுக்கோ, ஐம்பது மீட்டர் தள்ளி நின்று கட்டியழுவதற்குச் சமம். போதாததற்கு, இருவர் ஒரே நேரத்தில் குரல் கொடுத்தால் எதிரொலி என்று நினைத்துப் போன் ஒன்றை அமுக்கிவிடும். ஒப்பாரியின் உயிரே ஒரு குரலின் இழுவை மேல் இன்னொரு குரல் ஏறுவதில் இருக்கிறது. கருவி அதைத்தான் பிழை என்று திருத்துகிறது.

ஒலிபெருக்கியில் பதிவு செய்த ஒப்பாரியைப் போடுவதும் இப்போது சகஜம். காது நிறையும். நுரையீரலுக்கு அதில் வேலையில்லை.

அந்தப் பாண்டியன் நகர் லைன் வீட்டில் இரண்டரை மணி வாக்கில் ஒரு வேன் வந்து நின்றது. இறந்தவரின் பிறந்த வீட்டுச் சனம், காங்கயத்துப் பக்கமிருந்து. முதலில் இறங்கிய பாட்டிக்கு எண்பது இருக்கும். சந்து முனையிலேயே குரலெடுத்தார். சேர்களில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்; உள்ளேயிருந்து பதில் வரவில்லை. பாட்டி ஒரு கணம் நிறுத்தினார். மறுபடி அதே அடியை, இன்னும் கொஞ்சம் கீழே இறக்கி எடுத்தார். இரண்டாவது இழுவையில் மகள் வாயிலிருந்து கர்சீப்பை எடுத்தார்.

பாட்டிக்கு யாரோ ஒரு சேரை நகர்த்திப் போட்டார்கள். அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் சிமெண்ட் தரையில் உட்கார்ந்தார். மகள் எழுந்து வந்து உட்கார்ந்தார். அப்புறம் ஒரு மருமகள். அப்புறம் செக்கிங்கில் கூட வேலை பார்ப்பவர்கள் இரண்டு பேர், முதலில் கூச்சத்தோடு பக்கவாட்டில், பிறகு கழுத்தில் கை போட்டு. மூன்றாவது வீட்டில் குடியிருக்கும் ஒடிசாப் பெண், டீ பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றவர், பிளாஸ்க்கைக் கீழே வைத்தார். அவருக்குச் சொற்கள் தெரியாது. அடி முடிகிற இடத்தில், விம்மலில் மட்டும், சேர்ந்துகொண்டார்.

நாலு மணிக்கு எடுத்தார்கள். சாமியானாக் கடைப் பையன் வந்து சேர்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினான். அரைமணி நேரத்துக்கு மேல் ஐம்பதும் சும்மாத்தான் கிடந்தன என்று நான் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தான்.

“உக்காராட்டியும் வாடகை வாடகைதானுங்ணா.”